கனடாவில் இருந்து வந்த குட்டிக் கோப்பி மெஷின்: கொழும்பில் பாவிக்கலாமா?

2025 ஜனவரி 12, ஞாயிறு. கொட்டாஞ்சேனை வாசகி ஒருவரின் கேள்வி

அண்ணா, கனடாவில் இருக்கிற அண்ணி கிறிஸ்மஸுக்கு வந்தபோது பழைய காலத்துச் சாயலில் ஒரு குட்டிக் கோப்பி மெஷின் தந்துவிட்டுப் போனார். வெளிர்பச்சை நிறம், சுற்றி குரோம் விளிம்பு, முன்னால் ஒரேயொரு சுவிச், நாலு கப் கண்ணாடி ஜாடி. பார்க்க அவ்வளவு வடிவு. அடியில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ், 650 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது. இங்கே பாவிக்கலாமா? பாவித்தால் நல்ல கோப்பி வருமா? இவர் சொல்கிறார், தேத்தண்ணி குடிக்கிற நாட்டில் இது ஷோகேஸ் சாமான்தானாம்.

ஜனவரி 12, இரவு

முதலில் ஒன்று: அதைச் சுவரில் செருக வேண்டாம். அடப்டர் பிளக் மாட்டினாலும் வேண்டாம். அடப்டர் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது.

கணக்கு இதுதான். உள்ளே இருப்பது சூடேறும் கம்பி. அதற்கு 120க்குப் பதில் 230 வோல்ட் கொடுத்தால் மின்னோட்டமும் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். ஆகவே சூடு இரண்டு மடங்காக அல்ல, மூன்றரை மடங்குக்கு மேல் போகும். 650 வாட்ஸ் மெஷின் 2,400 வாட்ஸுக்குக் கிட்ட இழுக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் உள்ளே இருக்கிற வெப்பப் பியூஸ் ஒரு நிமிடத்துக்குள் போய்விடும். இல்லாவிட்டால் பிளாஸ்டிக் நாறும்.

60 ஹேர்ட்ஸ், 50 ஹேர்ட்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். மோட்டர் இல்லாத, மணிக்கூடு இல்லாத மெஷினுக்கு அது பொருட்டே இல்லை.

வழி: 230இல் இருந்து 110 அல்லது 120க்கு இறக்கும் ட்ரான்ஸ்போமர். 650 வாட்ஸுக்கு 1,000 விஏ (ட்ரான்ஸ்போமர் தாங்குகிற சுமையின் அளவு) எடுங்கள். 500 என்று எழுதியதைக் கடைக்காரர் "காணும் மிஸ், காணும்" என்று தள்ளப் பார்ப்பார். காணாது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருப் பக்கம் மின்சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கையில் தூக்கிப் பார்த்து வாங்குங்கள், உள்ளே செம்பும் இரும்பும் இருந்தால் கனக்கும். இலேசாக இருந்தால் அது வேறு ஏதோ.

கோப்பி நல்லாக வருமா என்பதற்குப் பிறகு வருகிறேன். என்னிடமும் இதே வகை ஒன்று இருக்கிறது, 230 வோல்ட் காரன். வெள்ளவத்தைத் தொடர்மாடிக் குசினியில் மிக்ஸிக்கும் ரைஸ் குக்கருக்கும் இடையில் நிற்கிறது.

ஜனவரி 13

செருகிப் பார்த்துவிட்டீர்களா? பதிலைக் காணவில்லை.

ஜனவரி 14, பொங்கல்

செருகவில்லையாம், முள் நுழையவில்லையாம். நல்லது.

அந்த முள் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. இரண்டு முள் பிளக் போகவில்லை என்றால், மேல் ஓட்டைக்குள் பேனையால் குத்தி மூடியைத் திறந்து பலவந்தமாகச் செருகுவது. போன் சார்ஜருக்கு எல்லாரும் செய்கிறோம். குரோம் பூசிய, உள்ளே தண்ணீர் ஓடுகிற சாமானுக்கு மட்டும் செய்ய வேண்டாம். மூன்று முள் வைத்து வந்ததென்றால் அந்த மூன்றாவது முள் எர்த். அதை வெட்டி எறிந்துவிட்டு மாட்டித் தருகிற ஆட்களும் இருக்கிறார்கள்.

பொங்கல் வாழ்த்து. இன்றைக்குக் கோப்பி இல்லை, சர்க்கரைப் பொங்கலுக்கு மேல் எதுவும் இறங்காது.

ஜனவரி 15

மருதானையில் இருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: ட்ரான்ஸ்போமர் எதற்கு, மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடுகிற டயோட் ஒன்று போட்டால் பாதி அலைதான் போகும், 230 பாதியானால் 115, வேலை முடிந்தது. அவருக்குத் தெரிந்த எலக்ட்ரிக் பாஸ் (மின்வேலைக்காரர்) அப்படித்தான் செய்து கொடுப்பாராம்.

பாதி அலை என்றால் பாதி வோல்ட் இல்லை. பாதி சக்தி. 230இல் பாதி சக்தி கொடுக்கிற வோல்டேஜ் 163. அதை 120 வோல்ட் கம்பிக்குக் கொடுத்தால் 1,200 வாட்ஸ் அளவில் சூடேறும், எழுதியிருப்பதைவிட 80 வீதத்துக்கு மேல் கூட. கொஞ்ச நாள் ஓடும். பாஸ் காசு வாங்கிக்கொண்டு போன பிறகுதான் போகும்.

ஜனவரி 18

இன்று சனி, வீட்டில் யாரும் இல்லை. என் மெஷினின் அடித்தட்டைக் கழற்றிப் பார்த்தேன். (பிளக்கைக் கழற்றி, ஆறவிட்டுத்தான்.) அண்ணி தந்ததும் உள்ளே இப்படித்தான் இருக்கும், ஏனென்றால் இந்த வகை எல்லாமே இப்படித்தான்.

குதிரை லாட வடிவில் ஒரு அலுமினியக் கட்டி. அதில் இரண்டு குழாய் ஒன்றோடொன்று ஒட்டிப் போகிறது. ஒன்றுக்குள் சூட்டுக்கம்பி, மற்றதுக்குள் தண்ணீர். கட்டியின் முதுகு மேலே இருக்கிற தட்டைத் தொடுகிறது, அதுதான் ஜாடியைச் சூடாக வைக்கிறது. ஒரே கம்பி இரண்டு வேலை பார்க்கிறது. பக்கத்தில் ஒரு காசளவு தெர்மோஸ்டாட். வெள்ளைத் துணி உறைக்குள் இரண்டு வெப்பப் பியூஸ். தண்ணீர்த் தொட்டியில் இருந்து வரும் றப்பர் குழாயின் வாயில் ஒரு சின்ன வால்வு. அவ்வளவுதான். எண்ணிப் பார்த்தால் ஒரு டோர்ச் லைட்டைவிடக் கொஞ்சம்தான் கூட.

தண்ணீர் எப்படி மேலே ஏறுகிறது? அந்தக் குழாயில் தண்ணீர் கொதித்துக் குமிழி வருகிறது. வால்வு பின்னால் போக விடாது, ஆகவே குமிழி தன் முன்னால் இருக்கிற சுடுதண்ணீரைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறுகிறது. கொஞ்சம் ஏறும், தொட்டியில் இருந்து புதுத் தண்ணீர் இறங்கும், மறுபடி கொதிக்கும், மறுபடி தள்ளும். தொட்டி வெறுமையாகும்போது வெறும் ஆவி மட்டும் போவதால்தான் கடைசியில் அந்தக் குரட்டைச் சத்தம்.

இந்த மின்சார வடி மெஷினை ஜெர்மனியில் கொட்லொப் விட்மன் என்பவர் 1954இல் காப்புரிமை எடுத்தார், விகோமட் என்று பெயர். கடதாசி வடி அதற்கும் மூத்தது: 1908இல் டிரெஸ்டனில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற குடும்பப் பெண் மகனின் பள்ளிக்கூடக் கொப்பியில் இருந்த மை ஒற்றும் தாளைக் கிழித்துச் செய்தது. 1972இல் அமெரிக்காவில் மிஸ்டர் கோப்பி என்ற மெஷின் வந்த பிறகுதான் வீட்டுக்கு வீடு போனது. ஆகவே உங்கள் மெஷின் பழசு மாதிரி நடிக்கிறது என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். வெளிப்பூச்சுத்தான் நடிப்பு. உள்ளே உண்மையிலேயே பழசுதான்.

ஒரு கணக்கும் போட்டேன். 600 மில்லிலீட்டர் தண்ணீரைக் கொழும்புப் பைப்பில் வருகிற 28 செல்சியஸில் இருந்து 93க்குக் கொண்டுபோக 650 வாட்ஸுக்கு நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் வேண்டும். ரொறன்ரோவில் 15 பாகைத் தண்ணீர் ஊற்றினால் ஐந்து நிமிடம். ஆவியாகப் போவது வேறு. ஆகவே அண்ணி வீட்டைவிட உங்கள் வீட்டில் இது விரைவாக வடிக்கும். இவரிடம் சொல்லுங்கள்.

ஜனவரி 19

உள்ளே பம்ப் இருக்கிறது என்று அடித்துச் சொல்கிறவருக்கு: இல்லை. நேற்றுத்தான் பார்த்தேன். நீங்கள் சொல்வது எஸ்பிரசோ மெஷின்.

ஜனவரி 26

சரி, கோப்பி. நீளமாக எழுதப் போகிறேன், ஏனென்றால் இந்த மெஷினில் கெட்டுப்போவது எல்லாம் இங்கேதான் கெட்டுப்போகிறது. மெஷினில் ஒன்றும் இல்லை, தூளில்தான் எல்லாம்.

கடையில் பக்கெட்டில் வருகிற எங்கள் ஊர்க் கோப்பித்தூள் முகத்துக்குப் போடுகிற பவுடர் அளவுக்கு நைஸ். அது சுடுதண்ணீரை நேரே ஊற்றி, மண்டி அடியில் இறங்கும்வரை பார்த்திருந்து குடிப்பதற்கு அரைத்தது. அதற்கு அது நல்லது. அதை இந்த மெஷினில் போட்டால் நடப்பது: முதல் நிமிடம் ஒழுங்காகச் சொட்டும். பிறகு தூள் சேறாகி அடியில் இருக்கிற வடிக் கடதாசியை அடைத்துவிடும். மேலே இருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், கீழே போக வழி இருக்காது. கூடையின் விளிம்புக்கு மேலே பழுப்பு நுரை எட்டிப் பார்க்கும். அப்புறம் மேசை, மேசையில் இருந்து மின்சார வயர். நுரை எட்டிப் பார்த்தவுடன் சுவிச்சை நிறுத்துங்கள், மூடியைத் திறக்கப் போய்க் கையைச் சுட வேண்டாம்.

வேண்டிய பருமன் ரவை. வறுத்த ரவையை விரலில் உருட்டிப் பாருங்கள், அந்தக் கரகரப்பு. அதற்குக் கொட்டை வாங்கி அரைக்க வேண்டும். இப்போது கொழும்பில் கொட்டை தாராளமாகக் கிடைக்கிறது, நுவரெலியா அரபிக்காவும் உண்டு, கண்டி கேகாலைப் பக்கத்து வீட்டுத்தோட்ட ரொபஸ்டாவும் உண்டு. ரொபஸ்டாவைக் குறைவாக நினைக்க வேண்டாம். பால் ஊற்றுகிறவர்களுக்கு அதன் கசப்புத்தான் நிற்கும்.

அரைப்பது எங்கே? எல்லாரும் முதலில் நினைப்பது தூள் திரிக்கிற மில். நானும் கொண்டுபோனேன். மில்காரர் நல்ல மனிதர். "ரவை பதத்துக்கு" என்றேன். "நைஸாத்தான் வரும் தம்பி, மெஷினை உங்களுக்காக மாத்தேலாது" என்றார். எனக்கு முன்னால் ஒரு அம்மா ஐந்து கிலோ மிளகாய் திரித்துக்கொண்டு போனார். அந்தக் கோப்பியைக் குடித்த மச்சான் ஒரு மிடறு விழுங்கி, இருமி, "இதுக்கு வடையும் இருக்கே?" என்று கேட்டான்.

வீட்டு மிக்ஸியின் சின்னச் சாடியில் அரைக்கலாம். ஒரே அழுத்தாக ஓட்டாமல் விட்டு விட்டு அழுத்தி, இடையிடையே சாடியைக் குலுக்கி. பாதி மாவாகவும் பாதி கல்லாகவும்தான் வரும். தேத்தண்ணி வடியில் ஒருமுறை சலித்து மாவை எடுத்துவிட்டால் போதும். அந்த மாவை எறிய வேண்டாம், பழைய முறையில் ஊற்றிக் குடிக்கலாம். கையால் சுற்றுகிற சின்ன அரைவை வாங்கினால் இந்தக் கூத்து ஒன்றும் இல்லை. மெஷினுக்குச் செலவழிப்பதைவிட இதற்குச் செலவழிப்பது புத்தி என்று இப்போது நினைக்கிறேன்.

அளவு: ஒரு லீட்டருக்கு 55 முதல் 60 கிராம். உங்கள் ஜாடியின் நாலு கப் என்பது அமெரிக்கக் கோப்பிக் கணக்கு, ஒரு கப் 150 மில்லிலீட்டர்கூட வராது. மொத்தம் 600 என்று வையுங்கள். எங்கள் வீட்டு மக்கில் இரண்டு. அதற்கு 35 கிராம், மேசைக்கரண்டியில் தட்டி எடுத்தால் ஏழு. இவ்வளவா என்று கேட்பீர்கள். ஆம், இவ்வளவு.

ஜனவரி 27

நேற்று எழுத விட்டது. சுவிச் ஒன்றே ஒன்று இருப்பதில் ஒரு நன்மை. போடுங்கள், தூள் முழுக்க நனைந்ததும் நிறுத்துங்கள், அரை நிமிடம் விட்டு மறுபடி போடுங்கள். அந்த அரை நிமிடத்தில் மூடியைத் திறந்து பாருங்கள். புதிதாக வறுத்த கோப்பி என்றால் தூள் மெல்ல உப்பி, நடுவில் வெடித்து, குமிழி குமிழியாக மூச்சுவிடும். வறுக்கும்போது உள்ளே அடைபட்ட கரியமில வாயு அது. அசையாமல் சேறாகக் கிடந்தால் தூள் பழசு. கடைக்காரர் என்ன சத்தியம் பண்ணினாலும் சரி.

மலிவான மெஷின்களில் தண்ணீர் நடுவில் ஒரே ஓட்டையால் விழும். நடுவில் கிணறு தோண்டி, ஓரத்துத் தூள் உலர்ந்தே கிடக்கும். கரண்டிக் காம்பால் ஒரு சுற்றுக் கலக்கிவிடுங்கள்.

பெப்ரவரி 2

வடிக் கடதாசி. வாசகி எழுதுகிறார், பெட்டியோடு ஒரு இரும்பு வலைக் கூடை வந்ததாம், கடதாசி வேண்டுமா என்று.

வலையில் வடித்தால் எண்ணெய்ப் பசை கூடவே இறங்கும், அடியில் கொஞ்சம் மண்டியும் வரும். வாய்க்குக் கனமாக இருக்கும். எங்கள் ஆட்களுக்கு அந்தக் கனம் பிடிக்கும். ஆனால் அந்த எண்ணெயில் கபெஸ்டோல் என்று ஒன்று இருக்கிறது, கெட்ட கொலஸ்ட்ரோலை ஏற்றும். கடதாசி அதைப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் கொலஸ்ட்ரோல் குளிசை போடுகிறவர் இருந்தால் கடதாசி.

சின்ன மெஷினுக்கு 1x2 அளவுக் கடதாசி. சுப்பர்மார்க்கெட்டில் 1x4தான் கண்ணில் படும். அதையே வாங்கி மேலே இரண்டு விரல்கடை வெட்டிவிடுங்கள், தையலையும் அடியையும் எதிரெதிர்ப் பக்கம் மடியுங்கள். பாவிக்குமுன் சுடுதண்ணீரால் நனைத்தால் தாள் வாசம் போகும்.

பெப்ரவரி 9, ஞாயிறு, மாலை

காலையில் ஒரு ஜாடி போட்டேன். இரண்டு கப் அளவு இறங்கியிருக்கும், கரண்ட் போய்விட்டது. பியூஸ் கட்டையை மாற்றிப் பார்த்தேன், லிஃப்டுக்குள் ஒருவர் கத்துகிறார், பல்கனியில் நின்று பார்த்தால் காலி வீதியில் சிக்னலும் இல்லை. பிறகுதான் செய்தி: முழு இலங்கையும் இருட்டு, பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு.

பாதி வடித்த கோப்பியைக் குடித்தேன். முதல் பாதி என்பதால் கடும் கடுப்பு. நன்றாகவே இருந்தது. அனுமாருக்கு நன்றி.

பெப்ரவரி 11

குரங்கின் தொடர்ச்சி. நுரைச்சோலை அனல்மின் நிலையம் நின்றுவிட்டதால் இப்போது முறைவைத்துக் கரண்ட் வெட்டுகிறார்கள், ஒன்றரை மணி நேரம். இந்த நேரத்தில் சொல்ல வேண்டியது ஒன்று.

இந்த வகைச் சுவிச் தட்டினால் தட்டின இடத்தில் நிற்கும். கரண்ட் போகும்போது நீங்கள் மறந்து வெளியே போய்விட்டால், அது வரும்போது மெஷின் தானாக வேலை தொடங்கும். தண்ணீர் மிச்சம் இருந்தால் வடிக்கும். இல்லாவிட்டால் வெறும் குழாயைச் சூடாக்கிக்கொண்டு, தெர்மோஸ்டாட் போடுவதும் நிறுத்துவதுமாக, நீங்கள் வரும்வரை. ஐரோப்பாவுக்கு என்று செய்ததில் 2015இல் இருந்து தானாக நிற்கிற வசதி கட்டாயம், கண்ணாடி ஜாடி என்றால் 40 நிமிடத்துக்குள். கனடாவில் இருந்து வந்ததில் இருக்கிறதா என்று பாருங்கள். எப்படியென்றாலும் கரண்ட் போனவுடன் கை முதலில் போக வேண்டியது பிளக்குக்கு. 2022இல் பதின்மூன்று மணி நேர வெட்டில் வாழ்ந்தவர்கள் நாங்கள், இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை, ஆனாலும்.

பெப்ரவரி 23

ட்ரான்ஸ்போமர் வாங்கிவிட்டார்களாம், மெஷின் ஓடுகிறதாம், கோப்பி தண்ணியாக இருக்கிறதாம். மாமியாரின் தீர்ப்பு நல்லாக இல்லையாம்.

எங்கள் வீட்டிலும் இதே வழக்குத்தான். அம்மா யாழ்ப்பாணம், மல்லியும் சுக்கும் மிளகும் போட்டு இடித்த கோப்பியில் வளர்ந்தவர். முதல் கப்பை வாயில் வைத்துவிட்டு, "உது கோப்பியே? பானை கழுவின தண்ணி மாதிரிக் கிடக்கு" என்றார். அம்மாவின் பக்கமும் நியாயம் உண்டு. இந்த மெஷின் வடிப்பது வெறுங்கோப்பி குடிக்கிறவர்களுக்கான பதம். அதில் பாதிக்குப் பாதி பாலை ஊற்றினால் ஒன்றும் மிஞ்சாது. வெள்ளவத்தைச் சைவக்கடையில் டபறாவில் ஆற்றித் தருகிற டிக்காஷன் கோப்பி வேறு சாதி, அதை இதில் எதிர்பார்க்க வேண்டாம்.

பால்கோப்பிக்கு நான் செய்வது: தண்ணீரை 400க்குக் குறைத்து, தூளை 40 கிராமுக்கு ஏற்றுவது. கூடையில் அதற்கு மேல் கொள்ளாது. பால் காற்பங்குதான். பால்மா என்றால் நேரே கோப்பிக்குள் கொட்டாமல், கொஞ்ச இளஞ்சூட்டுத் தண்ணீரில் களிபோலக் குழைத்துக்கொண்டு ஊற்றுங்கள், திரியாது. ரின்பால் (டின்னில் வருகிற கெட்டியான இனிப்புப் பால்) இருந்தால் இந்த எல்லாக் கவலையும் விட்டது: இரண்டு கரண்டி ரின்பால், மேலே சுடச்சுடக் கோப்பி. அம்மா இதற்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றால் அங்கே அதுதான் பாராட்டு.

மல்லியையும் சுக்கையும் மெஷினில் போட்டுப் பார்த்தேன். கரகரப்பாக இடித்துப் போட்டால் நன்றாகவே இறங்குகிறது. ஆனால் பிளாஸ்டிக் கூடை அந்த வாசத்தைக் கிழமைக்கணக்கில் விடாது. பிடித்திருந்தால் அதற்கென்று ஒரு கூடை.

மார்ச் 9

இவருடைய "தேத்தண்ணி நாடு" கதைக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

இது கோப்பி நாடு. 1860களில் உலகத்துக்கே கோப்பி ஏற்றிய முன்னணி இடங்களில் ஒன்று இலங்கை. 1867இல் கண்டிக்கு ஓடிய ரயில் பாதையைப் போட்டது தேயிலைக்காக இல்லை, மலையில் இருந்து கோப்பியைக் கொழும்புக்கு இறக்க. அதே 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டத்துரை கண்டிப் பக்கம் லூல்கந்துரையில் தேயிலை வைக்கும்போது அது ஒரு பரிசோதனைதான். 1869இல் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் தெரிந்தது. ஹெமிலேயா என்ற பூஞ்சை. அடுத்த இருபது வருடத்துக்குள் தோட்டம் தோட்டமாகப் போய்விட்டது, அந்த இடத்தில் தேயிலை ஏறியது.

இன்னொன்று. மலையகத் தமிழர் இந்த மண்ணுக்கு வந்தது தேயிலைக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தேயிலைக்கு முன்பே கோப்பிக்காகத்தான் கொண்டுவரப்பட்டார்கள். மன்னாரில் இறங்கி, காட்டுப்பாதையால் மாத்தளை வரை நடந்து, வழியில் காய்ச்சலிலும் கொலராவிலும் செத்தவர்கள் போக மிஞ்சியவர்கள். 2023இல் தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு "மலையகம் 200" என்று நடந்து வந்தார்களே, அது அந்தப் பாதையைத்தான் நினைத்து.

ஆகவே ஷோகேஸ் சாமான் என்று சொல்கிறவரை ஒரு கோப்பி குடிக்கச் சொல்லுங்கள். வெறுங்கோப்பி.

மார்ச் 10

குடித்தாராம். சீனி கேட்டாராம்.

ஏப்ரல் 20

சூட்டுத்தட்டைப் பற்றி ஒரு மறுயோசனை. வடித்து முடிந்தவுடன் சுவிச்சை நிறுத்து என்பதுதான் கேட்கிற எல்லாருக்கும் நான் சொல்லி வந்தது. கோப்பி தட்டில் வெந்துகொண்டே இருந்தால் அதில் உள்ள அமிலங்கள் உடைந்து, நாக்கின் பின்பக்கம் பிடிக்கிற ஒரு புளிக்கசப்பு வரும். அது இப்பவும் சரி. ஆனால் உடனே நிறுத்தினால், குரட்டை முடியுமுன் நிறுத்துகிறோம், குழாயில் கொஞ்சத் தண்ணீர் தங்கிவிடுகிறது. கொழும்பு வெக்கையில் அது அங்கேயே கிடந்தால் அடுத்த நாள் முதல் சொட்டில் தெரியும். குரட்டை முழுக்க அடங்கட்டும், அதன்பிறகு நிறுத்துங்கள். மிச்சத்தைப் பிளாஸ்கில் ஊற்றுங்கள். வருடப்பிறப்புக்கு வந்த விருந்தாளிகளுக்கு இப்படித்தான் சமாளித்தேன், குட்டி மெஷின் வைத்துக்கொண்டு எட்டுப் பேருக்கு ஊற்ற வேறு வழி இல்லை.

மே 18

கரப்பான். சூடும் ஈரமும் இருட்டும் ஒரே இடத்தில் வேண்டும் என்றால் இந்த மெஷினின் அடிவயிற்றைவிட வசதி எங்கே இருக்கிறது? காற்றோட்ட ஓட்டைகளுக்கு மெல்லிய நைலோன் வலையை உள்ளே இருந்து ஒட்டியிருக்கிறேன், சூட்டுக்கட்டியில் படாமல். சக்கையை அன்றன்றே கொட்டுங்கள். மழை நாளில் ஒரு இரவு விட்டால் போதும், காலையில் வெள்ளைப் பஞ்சு முளைத்திருக்கும். மூடியைத் திறந்தே வைத்துக் காயவிடுங்கள். தூளைக் காற்றுப் புகாத போத்தலில் வையுங்கள், ஃப்ரிட்ஜில் வைத்து வைத்து எடுத்தால் ஈரம் பிடிக்கும்.

ஜூன் 15

மின்கட்டணம் 15 வீதம் ஏறிவிட்டது, ஜனவரியில் குறைத்ததன் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். உடனே வாசகியின் இவர் மெஷினைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்.

650 வாட்ஸ், ஒரு ஜாடிக்கு ஆறு நிமிடம். 0.065 யூனிட். பத்து ஜாடி வடித்தாலும் ஒரு யூனிட் வராது. குற்றவாளி வேறு. அந்த ட்ரான்ஸ்போமரை இரவு பகலாகச் சொருகியே வைத்திருக்கிறீர்களா? தொட்டுப் பாருங்கள், இளஞ்சூடாக இருக்கும், காதை வைத்தால் ரீங்காரமும் கேட்கும். சும்மா நிற்கும்போது 10 வாட்ஸ்தான் தின்கிறது என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 0.24 யூனிட். கோப்பி வடிப்பதைவிட மூன்று மடங்குக்கு மேல். சுவர்ச் சுவிச்சை நிறுத்துங்கள்.

ஜூன் 16

சொருகியேதான் இருந்ததாம். இவர்தான் சொருகினாராம்.

ஜூலை 20

கடைசிக் கேள்வி போலிருக்கிறது: மாமியார் நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போகிறார், மெஷினையும் கேட்கிறார். (வழக்கு எப்போது தீர்ந்தது என்று எனக்குச் சொல்லவே இல்லை!) கொடுக்கலாமா?

கொடுங்கள். ட்ரான்ஸ்போமரோடு கொடுங்கள், அதை மறந்தால் முதல் நாளே கதை முடிந்துவிடும். பஸ்ஸில் போனால் கண்ணாடி ஜாடி மடியில்.

அங்கே பிரச்சினை தண்ணீர். கொழும்பில் எங்களுக்கு வருவது லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கமும் களனி ஆறும். மென்மையான தண்ணீர், குழாயில் படியாது. யாழ்ப்பாணக் கிணறு சுண்ணாம்புக் கல்லுக்குள் தோண்டியது. கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிவது அந்த மெல்லிய அலுமினியக் குழாயிலும் படியும். வால்வு ஒட்டிக்கொள்ளும், ஆவி பின்பக்கம் அடிக்கும், வடிக்க எடுக்கிற நேரம் நீளும். நேரம் நீண்டால்தான் அடையாளம்.

வெள்ளை வினாகிரி ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு. தென்னை வினாகிரி வேண்டாம், வாசம் போகாது. தொட்டியில் ஊற்றி, பாதி ஓடியதும் நிறுத்தி அரை மணி நேரம் விட்டு, மிச்சத்தை ஓட்டுங்கள். பிறகு வெறும் தண்ணீர் இரண்டு மூன்று தரம். மாதம் ஒருமுறை அங்கே இது வேண்டும், இங்கே வருடத்துக்கு இரண்டு போதும். போத்தல் தண்ணீர் வாங்கி ஊற்றலாம்தான், ஆனால் வீட்டில் கிணறு இருக்கக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்க உங்கள் மாமியார் சம்மதிப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

வினாகிரி ஓட்டின பிறகு வருகிற முதல் கோப்பியை அவருக்குக் கொடுக்க வேண்டாம். இவருக்குக் கொடுங்கள்.